கிண்ணத்துக்குக் காசு உண்டு, பார்பெல்லுக்கு மட்டும் ஆயிரம் கேள்வி



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர், பழைய மாணவர்கள், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்கள், பள்ளி நிர்வாகத்தினர் எல்லோரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கோபம் வந்தால் கமெண்டில் தாராளமாகச் சொல்லுங்கள். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கண்டி நகருக்கு வெளியே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு சிறிய முஸ்லிம் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர். உதைபந்தாட்ட அணியில் 14 பையன்கள், வலைப்பந்து அணியில் 9 பிள்ளைகள். எங்கள் "அணி" என்பது அவ்வளவுதான். பழைய மாணவர் இருவர் தந்த காசில், பாவனையில் இல்லாத ஒரு களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி, இந்த 23 பேருக்கும் பார்பெல் பயிற்சி ஆரம்பித்தோம். இரண்டு தவணை நடந்தது. இப்போது அதை நிறுத்தச் சொல்லி ஊரில் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவு எடுக்கப் போகிறார்களாம்.

சொல்லப்படும் காரணங்கள் நான்கு. பிள்ளைகள் வளரமாட்டார்கள். அடிபடும். பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு? படிப்புக் கெட்டுவிடும். நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "சேர், மகன் கட்டையாவே நின்டுருவான்டு சொல்றாங்களே!"

இதை எங்களிடம் கேட்காத வாப்பா இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், அடிக்கடி காட்டப்படுவது 1960களில் ஜப்பானின் பின்தங்கிய கிராமங்களில், சின்ன வயதிலிருந்தே கடுமையாகச் சுமை சுமந்த பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு. அந்தப் பிள்ளைகள் குட்டையாக இருந்தார்கள். சரி. ஆனால் அவர்கள் வறுமையில் வளர்ந்த, நாள் முழுக்கக் கூலி வேலை செய்த பிள்ளைகள். வயிறு காய்ந்த பிள்ளை வளராததற்குப் பழியைச் சுமையின் தலையில் மட்டும் போடுவது என்ன நியாயம்? மலையகத்தில் வாழும் நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் உயரக் குறைவுக்குச் சாப்பாடுதான் காரணம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணித்தியாலம், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, அளவாகப் பாரம் தூக்கும் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொல்கிறது: சரியான முறையும் மேற்பார்வையும் இருந்தால் பாதுகாப்பானது, பயனுள்ளது. அதே 2020இல் உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குத் தந்த வழிகாட்டலில், தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் செயற்பாடுகள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் வேண்டும் என்கிறது. நாங்கள் கொடுப்பது இரண்டு நாள். அதற்கே இந்தச் சத்தம்.

"பளுதூக்குகிறவர்கள் எல்லாம் கட்டையாகத்தானே இருக்கிறார்கள்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். கூடைப்பந்து விளையாடி யாரும் நெட்டையாவதில்லை. நெட்டையாக இருப்பவர்கள் அதில் நிலைக்கிறார்கள். பளுதூக்கலில் எடைப்பிரிவு இருக்கிறது. சிறிய பிரிவுகளில் கட்டையான உடம்புக்கு வசதி அதிகம், அதனால் அவர்கள் அங்கே வெல்கிறார்கள். பெரிய பிரிவைப் பாருங்கள். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜோர்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 197 சென்ரிமீட்டர் உயரம். அவர் நம் வகுப்பறைக் கதவால் குனிந்துதான் நுழைய வேண்டும்.

2. "அடிபட்டால் யார் பொறுப்பு?"

நல்ல கேள்வி. அதே கேள்வியை உதைபந்தாட்டத்துக்கும் கேளுங்கள்.

1994இல் பிரித்தானியாவில் ஹாமில் என்பவர் வெளியிட்ட ஒப்பீட்டில், பயிற்சி மணித்தியாலத்துக்கு எத்தனை காயம் என்று பார்த்தபோது, மேற்பார்வையோடு நடக்கும் பளுதூக்கலும் பாரப் பயிற்சியும் உதைபந்து, றக்பி இரண்டையும் விட மிக மிகக் கீழே இருந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பார்பெல் உங்கள் மகனைப் பின்னாலிருந்து வந்து தட்டிவிடாது. ஈரப் புல்லில் வழுக்காது. அது எத்தனை கிலோ என்று தூக்க முதலே தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வலைப்பந்தில் ஒரு பிள்ளை பாய்ந்து பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது, அவளுடைய உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த முழங்காலில் ஒரே நொடியில் இறங்குகிறது. அந்த முழங்காலைத் தாங்கிப் பிடிக்கத் தசை வேண்டும். அதே பிள்ளை எங்கள் அறையில் 20 கிலோவைத் தோளில் வைத்து மெதுவாகக் குந்தி, மெதுவாக எழும்புகிறாள். இதில் ஆபத்து எது, ஆபத்துக்கான மருந்து எது?

ஃபிஃபாவே இளம் வீரர்களுக்காக "11 ப்ளஸ்" என்ற பயிற்சித் தொகுப்பை உருவாக்கியது. அதில் ஓட்டத்தோடு பலமும் சமநிலையும் சேர்ந்திருக்கின்றன. 13 முதல் 17 வயது வரையான நோர்வே நாட்டுப் பெண் பிள்ளைகளிடம் அதைச் செய்து பார்த்து, 2008இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் முடிவு வெளியானது. பாரதூரமான காயங்கள் குறைந்திருந்தன. நம் பிள்ளைகளோ மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்ட் ஓடிவிட்டு நேரே மெட்சுக்கு இறங்குகிறார்கள். பின்தொடை பிடித்துக்கொண்டு விழுந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறோம். கால் பிசகினால் முறிவு வைத்தியரிடம் ஓடுகிறோம். அப்போது மட்டும் "யார் பொறுப்பு" என்று எவரும் கேட்பதில்லை. "கழிக்க இருந்தது கழிந்தது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறோம்.

2022ஐ மறந்துவிட்டோமா? கேஸ் கியூவில் நின்ற நாட்களில் 13, 14 வயதுப் பிள்ளைகள்தான் சிலிண்டரைத் தோளில் வைத்து மலைப் படிகளில் ஏறினார்கள். உள்ளே 12.5 கிலோ கேஸ். இரும்பின் பாரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிடிக்க வசதியான பிடி கிடையாது, காலுக்குச் சரியான செருப்புக் கிடையாது, எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடையாது. அன்றைக்கு வளர்ச்சி நின்றுவிடும் என்று எந்த வீட்டிலும் பயப்படவில்லை. அதைவிடக் குறைந்த பாரத்தை, முதுகை நேராக வைத்து, பக்கத்தில் இரண்டு பேர் நிற்கத் தூக்கினால் கையெழுத்து வேட்டை!

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் பார்க்காமல், போட்டிக்குப் போட்டியாக, முடியாத பாரத்தைத் தூக்கினால் அடிபடும். இடுப்புப் போகும், விரல் நசியும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே எங்களிடம் சட்டம் இருக்கிறது. அறைச் சாவி ஆசிரியரிடம். ஆசிரியர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் உள்ளே போகக் கூடாது. "ஒரே ஒரு தடவை எவ்வளவு தூக்கலாம்" என்று பார்க்கும் விளையாட்டு அறவே கிடையாது. ஐந்து தடவை ஒழுங்காகத் தூக்க முடியாத பாரம் கம்பியில் ஏறாது. முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் தும்புத்தடிக் கம்புதான். இழுப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் வைத்தியரின் சம்மதத்தோடு மட்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எழுதப்பட்டதை நாங்கள் பார்த்த பிறகுதான் பெயரையே பதிந்தோம். இந்தச் சட்டங்களில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள், அடைப்போம். ஆனால் சட்டம் என்ன என்று ஒரு தடவை வந்து பார்க்காதவர்கள் அறையைப் பூட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

3. "பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு?"

பெண்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. எலும்பின் உறுதி பெரும்பாலும் இளம் வயதில் சேமிக்கப்படுவது. அந்தச் சேமிப்பில்தான் ஒரு பெண் அறுபது, எழுபது வயதுவரை செலவழிக்கிறாள். பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழும்பாத எத்தனை மூதாட்டிகளை நம் ஊரில் பார்த்திருக்கிறோம்? முழங்கால் வலியில் கதிரையில் உட்கார்ந்து தொழும் உம்மாமார் எத்தனை பேர்? இதை எல்லாம் விதி என்று விட்டுவிட்டு, பேத்தி குந்தி எழும்பப் பழகினால் மட்டும் வெட்கம் என்கிறோம்.

ஹிஜாப் பிரச்சினை என்பவர்களுக்கு: சர்வதேசப் பளுதூக்கல் சம்மேளனம் 2011இலேயே விதியை மாற்றி, உடலை முழுதாக மூடும் உடையோடு போட்டியிட அனுமதித்துவிட்டது. பாகிஸ்தான் வம்சாவளியில் வந்த குல்சூம் அப்துல்லாஹ் என்ற சகோதரியின் முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. எகிப்தின் சாரா அஹமத் தலையை மூடிக்கொண்டுதான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தார், 2024 பாரிஸில் வெள்ளி எடுத்தார். நம் நாட்டில் தினூஷா கோமஸ் 2018 பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் வெண்கலம் எடுத்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பாடசாலைப் பளுதூக்கலில் பதக்கம் எடுப்பதைப் பத்திரிகையில் படித்து லைக் போடுகிறோம். நம் பிள்ளை என்றால் மட்டும் கதவைச் சாத்துகிறோம்.

எங்கள் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறோம். பையன்கள் திங்கள், புதன். பிள்ளைகள் செவ்வாய், வியாழன். அவர்களோடு இருப்பது எங்களில் ஒருவரான டீச்சர் மட்டும். கதவு மூடியிருக்கும், ஜன்னலுக்குத் திரை உண்டு. இதைவிட ஹயாவான விளையாட்டு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஊரே பார்க்கும் மைதானத்தில் ஓட விடமாட்டோம், மூடிய அறையில் தூக்கவும் விடமாட்டோம் என்றால், அவர்கள் எங்கேதான் போவது?

4. "படிப்புக் கெட்டுவிடும்"

வாரத்தில் இரண்டு தடவை, லுஹர் முடிந்து 45 நிமிடம். ஆக ஒன்றரை மணித்தியாலம். டியூஷன் வகுப்புக்காகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் டிராஃபிக்கில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இதைவிட அதிகம் வரும். போனில் போகும் நேரத்தை நாங்கள் கணக்கே எடுக்கவில்லை. "ரமழான் விடுமுறையில் ஒரு மாதம் போய்விடும், பிறகு என்ன பிரயோசனம்?" என்றும் கேட்கிறார்கள். ஒரு மாதத்தில் கொஞ்சம் இறங்கும். பெருநாள் முடிந்து பாரத்தைக் குறைத்துத் தொடங்கினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ரமழானுக்காக எந்தப் பாடத்தையாவது நிறுத்தினோமா?

இப்போது நாங்கள் கேட்கும் கேள்விகள்.

பார்பெல் ஏன், தண்டால் போதாதா என்கிறார்கள். எங்கள் அணியில் பாதிப் பேருக்கு ஒரு தண்டால் ஒழுங்காக எடுக்க முடியவில்லை. முடியாத பிள்ளைக்குத் தண்டாலில் பாதி என்று ஒன்றைக் கொடுப்பது கஷ்டம். முடிந்த பிள்ளை நாற்பது எடுத்த பிறகு அதில் பலம் கூடுவதில்லை, மூச்சுத்தான் கூடுகிறது. கம்பியில் அந்தப் பிரச்சினை இல்லை. மெலிந்த பிள்ளை 10 கிலோக் கம்பியில் தொடங்குவான், தடித்தவன் 20இல் தொடங்குவான். ஒழுங்காக மூன்று முறை ஐந்தைந்தாகத் தூக்கினால் அடுத்த நாள் பக்கத்துக்கு 1.25 கிலோத் தட்டு ஒன்று ஏறும். அதாவது இரண்டரைக் கிலோ. தூக்க முடியாவிட்டால் அதே பாரம். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி, அதில் திகதியும் கிலோவும். மற்றவன் எவ்வளவு என்பது பேச்சே இல்லை, போன வாரம் நீ எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரே அறையில் அணியிலேயே பலவீனமான பிள்ளையும் பலமான பிள்ளையும் அவரவர் அளவில் முன்னேறும் இன்னொரு பயிற்சி இருந்தால் சொல்லுங்கள், அதையும் செய்கிறோம்.

மைதானம் இல்லாத பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமானது எது? கண்டியில் சமதரை எங்கே இருக்கிறது? இரண்டு பருவ மழையும் நமக்குத்தான். மழை பெய்தால் மைதானம் சேறு, அன்றைக்குப் பயிற்சி இல்லை. அறைக்கு மழை இல்லை. மூன்று கம்பி, நான்கு பேருக்கு ஒரு கம்பி. ஒருவர் தூக்க, இருவர் இரு பக்கமும் நிற்க, ஒருவர் கொப்பி எழுத. 12 பேர் ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். கம்பியைத் தாங்கும் ஸ்டாண்டை ஊரில் உள்ள வெல்டிங் கடையிலேயே அடித்தோம். கீழே பழைய றப்பர் விரிப்பு. இரும்புத் தட்டு பழுதாவதில்லை, காலாவதியாவதில்லை. இன்று வாங்கினால் இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் தூக்கலாம்.

அப்படியானால் காசு எங்கே போகிறது? வருடா வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்ல அலங்காரம் என்று செலவழிக்கிறோமே, அதைக் கேளுங்கள். ரெஜிஃபோமில் கோட்டை கட்டுகிறோம், ஒட்டகம் செய்கிறோம், மூன்றாம் நாள் குப்பைக்குப் போகிறது. ஊரில் ஒரு ஆறு பேர் டோர்னமெண்ட் என்றால் ஃப்ளட் லைட், ஸ்பொன்சர் பெயர் போட்ட ஜெர்சி, ஆள் உயரத்துக்குக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தைத் தூக்கப் பிள்ளைக்குக் கையில் பலம் இருக்கிறதா என்று யாராவது பார்த்தோமா? அலங்காரத்துக்கும் கிண்ணத்துக்கும் காசு தரும்போது எவரும் ஆதாரம் கேட்பதில்லை. ஒரு கம்பிக்கு மட்டும் ஆராய்ச்சி, அனுமதி, கையெழுத்து.

கண்டி ஒரு றக்பி நகரம். 1906இல் கிங்ஸ்வூட்டும் ட்ரினிட்டியும் இந்த நகரத்தில்தான் இலங்கையின் முதல் பாடசாலை றக்பிப் போட்டியை விளையாடின. பிரட்பி கேடயம் வந்தால் நம் ஊர்களும் அதைத்தான் பேசும். கிங்ஸ்வூட்டில் படித்து இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய பாஸில் மரிஜாவை நாம் எல்லோரும் நம்மவர் என்று கொண்டாடினோம். பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் எவ்வளவு பலமாக இருக்கிறார்கள் என்று கரையில் நின்று கைதட்டுகிறோம். வலய மட்டப் போட்டியில் நம் பிள்ளைகள் அந்தப் பிள்ளைகளோடு தோளுக்குத் தோள் மோதி விழும்போது "நம்மட புள்ளைகளுக்கு உடம்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டு வேனில் ஏறுகிறோம். உடம்பு வானத்திலிருந்து இறங்குமா? வேலூருக்குப் பக்கத்தில் சத்துவாச்சாரி என்ற ஊரிலிருந்து வந்த சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் பொதுநலவாய விளையாட்டில் தங்கம் எடுத்தார். பெரிய நகரத்துப் பிள்ளை இல்லை. ஊரில் கம்பி இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தது.

இன்னொரு ஆபத்தைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை, நாங்கள் திறக்கிறோம். பாடசாலை அறையைப் பூட்டினால் பையன்கள் தூக்குவதை விடமாட்டார்கள். ஓ/எல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் அந்த மூன்று மாதத்தில் டவுனில் ஏதாவது ஒரு ஜிம்முக்குப் போவார்கள். அங்கே வயது கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, கண்ணாடி இருக்கும், பாட்டு இருக்கும், "ஆறு வாரத்தில் உடம்பு" என்று பவுடர் விற்க ஒருவர் இருப்பார். பவுடரில் தொடங்கி ஊசியில் முடிந்த கதைகள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன, பெற்றோருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். எங்கள் அறையில் கண்ணாடி இல்லை. பவுடர் இல்லை. முட்டை, பருப்பு, நெத்தலி, தண்ணீர், நேரத்துக்குத் தூக்கம் என்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பலமான முஃமினைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு விளையாட்டுப் போட்டியிலும் பிரதம அதிதி அதைச் சொல்லாமல் மைக்கை விடுவதில்லை. பெனரிலும் அடிக்கிறோம். அந்தப் பலத்தில் ஈமானின் பலம்தான் முதன்மை என்று உலமாக்கள் விளக்குவதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஹதீஸை உடம்புக்குப் பொருத்தி மேடையில் பேசுகிறவர்கள், மேடையிலிருந்து இறங்கியதும் பிள்ளையின் கையில் இருக்கும் கம்பியைப் பிடுங்கக் கூடாது அல்லவா? நீரிழிவு இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? இரத்தத்தில் உள்ள சீனியை எடுத்துப் பாவிக்கும் பெரிய உறுப்பு தசைதான். அந்தத் தசையை 15 வயதில் வளர்க்க விடாமல், 45 வயதில் கிளினிக்கில் நம்பர் எடுக்க வைக்கிறோம்.

இரண்டு தவணையில் நாங்கள் கிண்ணம் எதுவும் எடுக்கவில்லை. பொய் சொல்ல மாட்டோம். ஆனால் 10 கிலோக் கம்பியோடு தொடங்கிய ஒரு பையன் இன்று 45 கிலோவோடு குந்தி எழும்புகிறான். வகுப்பில் தலை நிமிர்த்திப் பேசாத பிள்ளை அவன். இப்போது மற்றவர்களுக்கு முதுகை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறான். அவனுடைய கொப்பியை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஆகவே கூட்டத்துக்கு வருபவர்களிடம் மூன்று விடயம் கேட்கிறோம்.

ஒன்று: கையெழுத்துப் போட முதல் ஒரு நாள் அறைக்கு வாருங்கள். வாப்பாமார் திங்கள் அல்லது புதன், உம்மாமார் செவ்வாய் அல்லது வியாழன். லுஹருக்குப் பிறகு.

இரண்டு: தடை செய்வதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். "யாரோ சொன்னார்கள்" என்பது காரணம் இல்லை. ஊரில் உள்ள வைத்தியர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்கள் முன்னால் பேசுவோம்.

மூன்று: பழைய மாணவர்களுக்கு. இந்த வருடம் இல்ல அலங்காரத்துக்குத் தரும் காசில் பாதியைத் தாருங்கள். பெண் பிள்ளைகளின் சின்னக் கைக்குப் பொருத்தமான மெல்லிய 15 கிலோக் கம்பி இரண்டு வேண்டும், 1.25 கிலோத் தட்டு நான்கு சோடி வேண்டும். காசாகத் தராதீர்கள், சாமானாக வாங்கிப் பாடசாலை இருப்புப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். நாளைக்கு நாங்கள் மூவரும் இடமாற்றத்தில் போனாலும் கம்பி பாடசாலையில் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.